பட்டாணி அளவும் பன்னிரண்டு வாரமும்

நசுங்கிப் போன க்ரீம் டியூபைக் கவுண்டரில் வைத்து, “அக்கா, பருவுக்கு இதே ஒண்ணு குடுங்க” என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. தஞ்சாவூர் மருந்துக் கடையொன்றில் இருபது வருஷமாக நிற்கிறேன். டியூபைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிப்பேன். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் தர மாட்டேன். எல்லாம் ஸ்டீராய்டு. பூசிய சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகும், வினையே அதுதான். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவக்கும், முடி முளைக்கும், பருவும் புதிதாகக் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் பொங்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசே சொல்லிவிட்டது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் அந்த டியூபோடு தோல் டாக்டரைப் பாருங்கள்.

சரி, பரு எப்படி வருகிறது? வயசுக்கு வரும்போது ஹார்மோன் ஏறி, எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. செத்த தோல் துகளும் எண்ணெயும் சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. உள்ளே கிருமி பெருகி, வீங்கிச் சீழ் பிடிக்கிறது. கரும்புள்ளியின் (பிளாக்ஹெட்) கறுப்புகூட அழுக்கு இல்லை, அதனால் தேய்த்தால் போகாது. காலையும் மாலையும் மென்மையான ஃபேஸ் வாஷ் போதும். ஆறு தடவை சோப்புப் போட்டால் தோல் காய்ந்து எரியத்தான் செய்யும். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் இரண்டும் முகத்துக்கு ஆகாது.

லேசான பருவுக்கு நான் எடுத்துத் தருவது பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். கண், உதட்டோரம் வேண்டாம். பருவின் தலையில் மட்டும் புள்ளி வைக்கிறார்கள். அடுத்து வரப்போகும் பருவுக்கு அது எப்படி உதவும்? முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். காய்ந்து உரிந்தால் எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: இது துணியை வெளுக்கும். என் மகளின் நீலத் தலையணை உறையில் இன்றைக்கும் வெள்ளைத் திட்டு இருக்கிறது.

கரும்புள்ளி, வெள்ளைத் தலைப் பரு (ஒயிட்ஹெட்) அதிகமிருந்தால் டாக்டர் இரவில் போட அடபலீன் ஜெல் எழுதுவார். அது ஆரம்பத்தில் பருவைக் கூட்டுவது போலத் தெரியும். அங்கேதான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகாமல் எந்த மருந்தையும் எடைபோடாதீர்கள். “பத்து நாள் போட்டேன், கேக்கல” என்று டியூப் மாற்றுகிறவர்களுக்குத்தான் பரு வருஷக்கணக்கில் நிற்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அடபலீன் கூடாது.

நெற்றியில் மட்டும் வரிசையாக வருகிறதா? தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். எண்ணெயை நிறுத்தச் சொன்னால் பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள், அதனால் நான் சொல்வது: குளிப்பதற்கு முன் வைத்து, அலசிவிடுங்கள். இரவு வைத்துக்கொண்டு படுக்க வேண்டாம். தாடையில் வந்தால் ஹெல்மெட் வாரைத் துடையுங்கள்.

கிள்ளாதீர்கள். சித்தி பெண் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் கிள்ளிய பருவின் குழி இடது கன்னத்தில் இன்னும் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் வலது பக்கம்தான் காட்டி நிற்கிறேன்.

ஆழத்தில் கட்டி கட்டியாக வலித்தால், குழி விழ ஆரம்பித்தால், பருவோடு மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போய் தாடையில் முடி வந்தால், கடைக்கு வராதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. சீட்டோடு வந்தால் எப்படிப் போடுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.