ஊட்டி, கொடைக்கானல் பயணமும் தாடை வலியும்: லீவில் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளக் கூடாது

ஊருக்கு வரும்போதே பல் வேலையையும் முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போடாத வெளிநாட்டுத் தமிழர் குறைவு. சொத்தை அடைப்பது, பல் சுத்தம் செய்வது, ஒரு ரூட் கேனால் இதெல்லாம் மூன்று வாரத்தில் முடிகிற காரியம், செலவும் மிச்சம். ஆனால் தாடை மூட்டு வலியையும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இவற்றுக்கு லீவில் எடுத்துக்கொள்ளத் தக்கது, வேண்டாமென்றால் நாளைக்கே நிறுத்திவிடக்கூடிய சிகிச்சை மட்டும்தான். 'கடி சரியில்லை' என்று பல்லை ராவுவதும், தேய்ந்த பற்களுக்கெல்லாம் வரிசையாக கேப் போடுவதும் திரும்பப் பெற முடியாத வேலைகள். ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைத் தொடங்கவே கூடாது.

மலை ஏறும்போதே குழப்பம் தொடங்கிவிடும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினாலும் இதே கதைதான். காது அடைக்கும், சிலருக்கு வலிக்கும். எச்சில் விழுங்கினாலோ மேலே போய்ச் சிறிது நேரம் ஆனாலோ விட்டுவிட்டால் அது காற்றழுத்தம். மறுநாளும் காதுக்கு முன்னால் வலித்தால் அங்கே விரல் வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலடியில் வலியோ, மெல்லும்போது வலியோ இருந்தால் சந்தேகப்பட வேண்டியது தாடை மூட்டை. காதில் சொட்டு மருந்து விட்டுப் பயனில்லை. காது அடைப்புக்குச் சூயிங்கம் மெல்லும் வழக்கத்தைத் தாடை வலிக்காரர்கள் விட்டுவிடலாம். புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கிச் சப்பினால் போதும், கடிக்கக் கூடாது.

(இன்னொரு விஷயம்: 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.)

மலைக் குளிரில் நாம் அறியாமலே பல்லை இறுக்கிக்கொள்வோம், தோளும் காதுவரை ஏறிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற காலையில் தாடைத் தசை எழும்போதே விறைத்திருக்கும். மங்கி குல்லாவை வெட்கப்படாமல் மாட்டுங்கள், கன்னமும் காதும் மூடட்டும். பகலில் நினைவு வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஓய்வாக இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. பைசா செலவில்லாத இந்தப் பழக்கம் பலருக்கு மாத்திரையை விட நன்றாகவே உதவுகிறது. அதோடு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் பதினைந்து நிமிடம், தினம் இரண்டு வேளை.

ஊட்டி, குன்னூர் கடைகளில் நீலகிரித் தைலம் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. கன்னத்தில் லேசாகத் தடவினால் இதமாக இருக்கும், மூட்டைச் சரியாக்காது. தடவிய இடத்தில் சூடான ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோகலாம். அதே அலமாரியில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தில் ஆஸ்பிரின் வகைச் சேர்மம் உண்டு. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. மருந்துக் கடையில் கேட்காமலே எடுத்துத் தரும் கூட்டு வலி மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால், தசை தளர்த்தி மூன்றும் ஒன்றிலேயே இருக்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நீங்கள் கொண்டுவந்த பாராசிட்டமாலையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறும்.

சாப்பாட்டில் உபசாரம்தான் சிக்கல். "ஒரு வர்க்கி எடுத்துக்கோ கண்ணு, சூடா டீயும் இருக்கு" என்று அத்தை தட்டை நீட்டினால் மறுக்க முடியாது. வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள், கேரட்டை வேகவைத்து, பேரிக்காயை மெல்லிய துண்டுகளாக நறுக்கி. சுட்ட சோளக்கருதைக் கடித்து இழுப்பது வேண்டாம். பழனிப் பக்கம் இறங்கினால் மலை வாழைப்பழம் தாராளம். பஞ்சாமிர்தம் மென்மையானதுதான், நடுவில் கற்கண்டு கடிபடும். வீடு வீடாகக் குடிக்கும் டீயை மாலை நாலு மணிக்குமேல் நிறுத்திவிடுங்கள். காபின், மது, சிகரெட் மூன்றும் தூக்கத்தில் பல் கடிப்பதோடு தொடர்புள்ளவை. மன அழுத்தத்துக்கு எடுக்கும் ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு இதைத் தூண்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்.

வாயைத் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் மட்டும் வந்து, வலியில்லாமல், மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தால் சிகிச்சை தேவையில்லை. வலி இருந்தால் ஊட்டி, குன்னூர், கொடைக்கானலிலேயே பல் டாக்டரைப் பார்க்கலாம். சிக்கலானதென்றால் கோவையிலோ மதுரையிலோ பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவது மேல். பலர் கேட்பது நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. பல்லைத் தேய்மானத்திலிருந்து அது காக்கும், வலியைப் போக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நாள்பட்ட தாடை வலிக்கு 2023 இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல் முன்வைத்தது பயிற்சியாளர் துணையோடு செய்யும் தாடை, கழுத்துப் பயிற்சிகளையும் மனநலச் சிகிச்சையையும்தான். ஆகவே நல்ல பிசியோதெரபிஸ்ட்டையும் விசாரித்து வையுங்கள்.

கார்டு செய்வதென்றால் வந்த முதல் வாரமே அளவு கொடுங்கள். லேபுக்குப் போய் வர நாளாகும், போட்டுப் பார்த்துத் தேய்த்துச் சரிசெய்ய இன்னும் இரண்டொரு முறை போக வேண்டும். ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் கார்டு கேளுங்கள். சில பற்களை மட்டும் மூடுவதை மாதக்கணக்கில் போட்டால் மற்றப் பற்கள் நகர்ந்துவிடும். குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் கார்டுக்கு முன் தூக்கப் பரிசோதனை.

குழந்தை இரவில் பல்லைக் கடித்தால் பாட்டி "வயித்துல பூச்சி" என்பார். பூச்சி மாத்திரை கொடுப்பதில் கெடுதலில்லை, ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று உறுதியான சான்றில்லை. பெரும்பாலும் வளர வளரத் தானே விட்டுவிடும். வளரும் தாடைக்குப் பெரியவர்கள் போடும் கார்டு ஆகாது.

எல்லாத் தாடை வலியும் மூட்டு வலி அல்ல. நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு வந்தால் இதயமாக இருக்கலாம், உடனே 108. ஐம்பது வயது தாண்டியவருக்கு மெல்லும்போது வலியும் நெற்றிப்பொட்டில் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனை. வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்களுக்கு வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போனால் வாயின் உள்தோல் இறுகியிருக்கலாம், அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. கொட்டாவி விட்டு வாய் மூடாமல் நின்றுபோனால் வீட்டில் யாரும் தள்ளிப் பார்க்க வேண்டாம்.

கார்டு கிடைத்துவிட்டால் மலைவீட்டு வழக்கப்படி அதை வெந்நீரில் கழுவிவிடாதீர்கள், வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். டப்பாவில் போட்டுக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே நகல், பல் அச்சு, என்ன செய்தார்கள் என்று டாக்டர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சில வாரங்களில் கார்டைச் சரிபார்க்கப் போவது நீங்கள் வாழும் ஊர் டாக்டர். அவருக்கு அந்தக் குறிப்பு ஆங்கிலத்தில் வேண்டும்.