கலோரியா, கிலோ கலோரியா? உறையைப் படிக்கும் முன்

கலோரி என்பது ஒரு சத்து அல்ல, ஆற்றலை அளக்கும் அலகு. 1 கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம்தான் 1 கலோரி. உணவுக்கு இது மிகச் சிறியது. அதனால் 1000 கலோரி சேர்ந்த கிலோ கலோரியில்தான் கணக்கு. பேச்சில் 'கிலோ' உதிர்ந்துவிடும். "ஒரு நாளைக்கு 2000 கலோரி" என்றால் 2000 கிலோ கலோரி என்றே பொருள். உணவுப் பொட்டலத்தின் உறையில் கிலோ கலோரி என்று பார்த்துவிட்டு ஆயிரத்தால் பெருக்கிவிடாதீர்கள். ஆற்றலின் இன்னொரு அலகான கிலோ ஜூலில் போட்டிருந்தால் 4.2-ஆல் வகுங்கள்: 840 கிலோ ஜூல், 200 கிலோ கலோரி.

பலர் தவறுவது அடுத்த இடத்தில்தான். உறையில் உள்ள எண் பெரும்பாலும் 100 கிராமுக்கோ ஒரு முறை பரிமாறும் அளவுக்கோ உரியது. முழுப் பொட்டலத்துக்கு அல்ல. 100 கிராமுக்கு 480 என்று இருந்து, பொட்டலம் 75 கிராம் என்றால், முழுவதும் தின்றால் 360. அதே பண்டத்துக்கு, 30 கிராம் பரிமாறும் அளவைக் கணக்கிட்டு 144 என்று அச்சிட்டிருந்தால் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். ஏமாற வேண்டாம்.

நீங்களே கூட்டியும் பார்க்கலாம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்பு 9, ஆல்கஹால் 7. 15 மில்லி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம். அதிலேயே சுமார் 120 வந்துவிடும். சமையலில் கணக்கில் விட்டுப்போவதும் பெரும்பாலும் இதுதான்.

எடை பார்க்கும்போது இன்னொன்று: தானியம் வேகும்போது நீரை உறிஞ்சிக் கனமாகும். உறையில் உள்ள எண் வேகாத எடைக்கு என்றால், வெந்ததை எடைபோட்டு அந்த எண்ணைப் போட்டால் கணக்கு தாறுமாறாக ஏறும்.