தொப்பை கரையும்போது பலமும் கரைவது ஏன்? நாம் செய்யும் தவறுகள்

மதுரையில் "கட்டிங்" என்றால் பாதிப் பேருக்கு வேறு ஞாபகம் வரும். குவார்ட்டரை ரெண்டாகப் பங்கு போடுவது. ஜிம்முக்குள் அதே வார்த்தைக்கு, உடம்பில் இருக்கும் கொழுப்பை மட்டும் இறக்குவது என்று அர்த்தம். ரெண்டு கட்டிங்கிலும் தள்ளாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெப்பக்குளம் பக்கம் நான் போகும் ஜிம்முக்குத் தகரக் கூரை. மாசி பிறந்த சமயம், அங்கே வரும் தம்பி ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டான்: "அண்ணே, எழுபது கிலோவ சும்மா எட்டுத் தடவ தள்ளுவேன். இப்ப நாலுக்கே கை நடுங்குது. சதையெல்லாம் கரைஞ்சிருச்சாண்ணே?" வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். பொங்கல் முடிந்த கையோடு டயட்டில் இறங்கி, 5 வாரத்தில் 84 கிலோவிலிருந்து 78க்கு வந்திருந்தான். காலையில் ரெண்டு இட்லி, மதியம் சோறு கிடையாது, கூட்டும் வெள்ளரிக்காயும். ராத்திரி ரெண்டு சப்பாத்தி. எண்ணெய் சேரும் என்று கோழியையும் நிறுத்திவிட்டான். விடிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஆறு சுற்று ஓட்டம், சாயங்காலம் ஜிம்.

அவன் பயந்த அளவுக்குச் சதை போயிருக்காது. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு சுமார் அரைக் கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் இந்த இருப்பு இறங்கி, தண்ணீரும் கூடவே போகும். தராசில் ஒன்றரை, ரெண்டு கிலோ குறைந்து தெரிவதில் பெரும்பங்கு இதுதான். எட்டாவது ரெப்புக்கு, அதாவது எட்டாவது தடவை தள்ளுவதற்கு, எரிபொருளாக வரவேண்டியதும் இதே இருப்புதான். போதாததற்கு, நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த கனம் குறைந்ததால் பெஞ்ச் பிரஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பயிற்சி) கம்பி முன்னைவிடக் கூடுதல் தூரம் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் ரெண்டு வாரத்தில் ஒன்றிரண்டு ரெப் குறைந்தால் பதறக் கூடாது. பதறுகிறவர்கள்தான் அடுத்த பெரிய தவறுக்குப் போகிறார்கள்.

அந்தத் தவறு, வெயிட்டை இறக்குவது. "கட்டிங்ல லேசா எடு, இருபது இருபதா அடி, கட்டு விழும்" (தசை வரி வரியாகத் தெரியும்) என்று சொல்லாத ஜிம் மாஸ்டரை இந்த ஊரில் நான் இன்னும் சந்திக்கவில்லை. எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். மூன்றே மாதத்தில் 80 கிலோ பெஞ்ச் 62 ஆனது. கட்டும் விழவில்லை. தசையை வைத்துக் காப்பாற்றுவது உடம்புக்குச் செலவு. சாப்பாடு குறையும் காலத்தில், கனமான வேலை தொடர்ந்து வந்தால்தான் அந்தச் செலவை உடம்பு ஏற்றுக்கொள்ளும். லேசான வெயிட்டில் கொழுப்பு எரியும் என்பதும் வீண் கணக்கு. ஒரு மணி நேரம் வெயிட் அடித்தால் 200, 300 கலோரி போகும், அவ்வளவுதான். ஒரு பரோட்டாவும் அதன் தலையில் ஊற்றும் சால்னாவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். கொழுப்பைக் குறைப்பது இலையில் நடக்கும் வேலை. ஜிம்மில் நடக்க வேண்டியது தசையைக் காப்பது.

குறைக்கத்தான் வேண்டும் என்றால் செட்டுகளை, அதாவது நடுவில் ஓய்வில்லாமல் தொடர்ந்து அடிக்கும் சுற்றுகளை, குறையுங்கள். ஐந்து செட் அடித்த இடத்தில் மூன்று போதும். கம்பியில் இருக்கும் பிளேட்டில் கை வைக்காதீர்கள். 70 கிலோவை எட்டுத் தடவை தள்ளியவர் ஆறு தடவை தள்ளினாலும் 70ஐயே தள்ளட்டும்.

அடுத்தது அவசரம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வாரம் அரைக் கிலோ இறக்க, நாளுக்கு 550 கலோரி குறைத்தால் போதும். வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இறங்கினால் பலம் பெரும்பாலும் கூடவே நிற்கும். தண்ணீர் கணக்கைக் கழித்தாலும் நம் கல்யாண மாப்பிள்ளை அந்த எல்லையில்தான் முட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் இன்னும் மெதுவாகத்தான் போக வேண்டும்.

இனி புரோட்டீன். நம் ஊர்ச் சாப்பாடு நாக்குக்கு ஒரு குறையும் வைக்காது, இந்த இடத்தில்தான் கையை விரிக்கும். வெயிட் அடிக்கிறவர் டயட்டில் இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை புரோட்டீன் வேண்டும். 80 கிலோ ஆளுக்கு 130 கிராமுக்குக் குறையக் கூடாது. நாலு இட்லியில் 8 கிராம் தேறினால் பெரிது. சாம்பாரில் நீந்தும் பருப்பை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மதியச் சாப்பாடு, சாயங்கால வடை, ராத்திரி டிபன் என்று எல்லாம் சேர்த்தாலும் பலருக்கு ஐம்பதைத் தாண்டுவதே பாடு. அதிலும் பாதியாகச் சாப்பாட்டைக் குறைத்தால் எது மிஞ்சும்?

ஒரு முட்டையில் 6 கிராம். வெந்த நெஞ்சுக்கறிக் கோழி 200 கிராமில் 60 கிராமுக்குப் பக்கம். மீல்மேக்கர் 50 கிராம் ஊறவைத்தால் 25 கிராம். கால் லிட்டர் பாலில் 8. கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் 12, 13 கிராம் தரும். நிலக்கடலையைப் புரோட்டீன் என்று அள்ளித் தின்பவர்கள் ஜாக்கிரதை: 100 கிராமில் 25 கிராம் புரோட்டீன் உண்டு, கூடவே 560க்கு மேல் கலோரியும் உண்டு.

புரட்டாசிக்குத் தனியாக ஒரு வார்த்தை. அழகர்மலைக்கு நேர்ந்துகொண்டு கவுச்சியை நிறுத்துகிறோம், சரி. ஆனால் அதன் இடத்தில் எதையும் வைப்பதில்லை. முட்டையும் கோழியும் போன இடத்தை சாதம் நிரப்பிவிடும். ஐப்பசியில் வந்து "டயட் எனக்கு ஒத்துக்கல மாப்ளே" என்பார்கள். அந்த மாதம் முழுக்க மீல்மேக்கர், பனீர், தயிர், சுண்டல், பால் என்று கணக்கை எழுதி வைத்துக்கொண்டு சாப்பிட்டால் சாமியும் கோபிக்காது, கம்பியும் கோபிக்காது.

சோற்றை ஒரேயடியாக ஒழிப்பதும் வேண்டாத வேலை. இருக்கும் அளவுச் சோற்றை ஜிம்முக்கு ரெண்டு மூன்று மணி நேரம் முன்னால் வையுங்கள். அல்லது கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ரெண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். வெறும் வயிற்றோடு, தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு நின்று கண் இருட்டுவதில் வீரம் ஒன்றும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றின் அளவை மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரோட்டீனைக் கூட்டும் முன்பும் அப்படியே.

ஓட்டம் தப்பில்லை. காலுக்கு வெயிட் அடிக்கும் நாளின் காலையிலேயே ஆறு சுற்று ஓடுவதுதான் தப்பு. அன்றைக்கு நடந்தால் போதும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு வியர்ப்பவர்கள் இழப்பது தண்ணீரும் உப்பும்தான், கொழுப்பு அல்ல. உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடித்துவிட்டு வாருங்கள்.

தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிற நமக்குத் தூக்கக் கணக்கு கொஞ்சம் உறைக்கும். 2010இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், குறைந்த சாப்பாட்டில் இருந்த 10 பேரை ரெண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு ரெண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கவைத்தார்கள். எடை ரெண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் எட்டரை மணி நேரத்தில் 1.4 கிலோ போன கொழுப்பு, ஐந்தரை மணி நேரத்தில் 0.6 கிலோதான் போனது. மிச்சம் போனது கொழுப்பல்லாத உடம்பு.

பலம் உண்மையிலேயே போகிறதா என்று பார்க்க, தள்ளும் எடையை உடல் எடையால் வகுத்துப் பாருங்கள். 86 கிலோவில் 80 தள்ளினால் 0.93. 76 கிலோவில் 75 தள்ளினால் 0.99. கம்பியில் 5 கிலோ குறைந்தும் நீங்கள் முன்னைவிடப் பலசாலி. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்அப்ஸ் எண்ணிக்கை கூடியிருந்தால் அதுவும் நல்ல சாட்சி. எல்லாப் பயிற்சியிலும் மூன்று வாரம் தொடர்ந்து இறங்கி, இந்த வகுத்தலும் சரிந்தால்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டிய நேரம்.

அந்தத் தம்பியை ரெண்டு வாரம் எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவுக்குச் சாப்பிடச் சொன்னேன். மதியம் சோறு திரும்ப வந்தது, கோழி திரும்ப வந்தது, ஓட்டம் பாதியானது. உப்பும் சோறும் சேர்ந்ததில் தராசு ஒரு கிலோ ஏறிவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு 70ஐ ஏழு தடவை தள்ளினான். மறு திங்கட்கிழமை மறுபடி கட்டிங் ஆரம்பம், இந்த முறை கோழியை விடாமல், சப்பாத்தியில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு. கல்யாணத்துக்கு இன்னும் 10 வாரம் இருக்கிறது. மாப்பிள்ளைச் சட்டையை இப்போதே தைக்கக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.