மாற்றுத்திறனாளிகள் படிப்புக்கும் வேலைக்கும் மறுவாழ்வு உதவி பெறுவது எப்படி: வேலூர் வட்டாரத்தினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

விபத்தில் என் தம்பியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, நாங்கள் ஓர் அலுவலகத்தில் கொடுத்த முதல் மனுவில் "ஏதேனும் உதவி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பல மாதங்கள் அலைந்த பிறகுதான், எந்தத் திட்டத்தின் கீழ் எதைக் கேட்கிறோம் என்பது மனுவில் இல்லாததால் அது எந்தப் பிரிவுக்கும் அனுப்பப்படாமல் கிடந்தது என்று தெரிய வந்தது. இரண்டாவது மனுவில் "மின்மோட்டார் காயில் கட்டும் தொழிலைக் கற்க விரும்புகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த மனு நகர்ந்தது. அதனால் இந்த விளக்கத்தை விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்காமல், அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: செய்யப்போகும் வேலையை ஒரு வரியில் எழுதுங்கள்

தம்பி அதுவரை சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். செயற்கைக் கால் பொருத்திய பிறகும் சாரத்தில் ஏறி நிற்க முடியாது என்பது தெளிவாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டார்களும் போர் மோட்டார்களும் அதிகம். கோடைக்காலத்தில் காயில் எரிந்து பழுதுக்கு வராத நாளே இருக்காது. தெரிந்த கடையொன்றில் இரண்டு நாள் உட்கார்ந்து, வேலையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடையைத் தூக்க வேண்டும், கை விரல்களுக்கு எவ்வளவு வேலை என்பதை அவன் கவனித்தான். மோட்டாரைக் கழற்றி மேசைமேல் தூக்கி வைக்க மட்டும் இன்னொருவர் தேவை. செம்புக் கம்பியைச் சுற்றுவது, இடுக்குகளில் காகிதம் செருகிக் காயிலை இறக்குவது, முனைகளைப் பற்றவைப்பது எல்லாமே உட்கார்ந்து செய்யும் வேலை என்று தெரிந்தது. நீங்களும் இப்படி ஒரு வேலையையோ படிப்பையோ நேரில் பார்த்துவிட்டு, அதில் எதைச் செய்ய முடியும், எதற்குக் கருவியோ துணையோ தேவை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி கேட்கப்போகும் ஒவ்வோர் உதவிக்கும் அந்தத் தாள்தான் அடிப்படை.

இரண்டாம் படி: மாவட்டத்தையும் பெயரையும் சரிபாருங்கள்

இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அலைச்சலில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பழைய வடார்க்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. அதிலிருந்து வந்த வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு வட்டத்தினர் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பகுதியினருக்கு இராணிப்பேட்டையும், ஆம்பூர், வாணியம்பாடி பகுதியினருக்குத் திருப்பத்தூரும் உரிய இடங்கள். உங்கள் பழைய ஊனச் சான்றில் வேலூர் மாவட்டம் என்று இருந்தாலும், இப்போது ஆதாரில் உள்ள முகவரி எந்த மாவட்டத்தில் வருகிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் தலைப்பெழுத்துதான் தொல்லை தருகிறது. மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முழுப்பெயரே இருக்கும். கணினி இவற்றை மூன்று ஆட்களாகப் பார்ப்பதால், கல்வி உதவித்தொகை கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். எதையும் விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்து, ஆதார் எண் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் இ-சேவை மையத்தில் அதே வேகத்தில் பதிந்துவிடலாம்.

மூன்றாம் படி: ஊனச் சான்றும் யுடிஐடி அட்டையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் மட்டுமல்லாமல், கற்றல் குறைபாடு, மனநோய், தாலசீமியா, பார்க்கின்சன் நோய் ஆகியவையும் அதில் அடங்கும். "இதெல்லாம் கணக்கில் வராது" என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு பெற 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும்.

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதற்கான இணையதளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் பதிவு செய்தால், மதிப்பீட்டுக்கு எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது தெரியும். பரிசோதனைக்குப் போகும்போது அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, பழைய சீட்டுகள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். குறைபாட்டின் அளவைப் பொறுத்து அட்டையின் நிறம் மாறும்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். தற்காலிகச் சான்று கொடுத்தால் அது முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஏனெனில் படிப்பின் நடுவில் அது காலாவதியாகிவிட்டால் உதவித்தொகையும் நின்றுவிடும். கொடுக்கப்பட்ட சதவீதம் சரியில்லை என்று நினைத்தால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு வழி செய்கிறது.

நான்காம் படி: தொழில் மதிப்பீடு

எது முடியும் என்பதை நாமே முடிவு செய்துவிடாமல், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. சென்னை கிண்டியில், மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில் சேவை மையம் இயங்குகிறது. அதன் முந்தைய பெயர் தொழில் மறுவாழ்வு மையம் என்பதால், பழைய ஆட்கள் இன்னும் விஆர்சி என்றே சொல்வார்கள். உடல்நிலை, மனநிலை, கைத்திறன் ஆகியவற்றை அங்கே சேர்த்துப் பார்த்து, எந்தத் தொழிலில் பயிற்சி தரலாம் என்று வழிகாட்டுகிறார்கள்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு மரபு உண்டு. 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் சிஎம்சியில் அந்தத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையம் 1966 முதல் இயங்கிவருகிறது. தண்டுவடக் காயம், மூளைக் காயம், கால் இழப்பு போன்றவற்றுக்கு நீங்கள் எங்கே சிகிச்சை எடுத்தாலும், அங்குள்ள தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) "இவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்து வேலை செய்யலாம், என்ன கருவி தேவை" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு பக்கக் கடிதம் பின்னால் மனுவிலும் நேர்காணலிலும் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: மனு எழுதுவது

மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுதுங்கள். தம்பிக்காக நாங்கள் இரண்டாவது முறை எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"நான் ஆற்காடு வட்டத்தைச் சேர்ந்த, வலது காலை இழந்த மாற்றுத்திறனாளி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றுள்ளேன். மின்மோட்டார் காயில் கட்டும் தொழிலைக் கற்று அதில் வேலை செய்ய விரும்புகிறேன். எனவே, (1) அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் சேரப் பரிந்துரைக்குமாறும், (2) பயிற்சிக்குச் சென்றுவரப் பேருந்துப் பயணச் சலுகை வழங்குமாறும், (3) பயிற்சி முடிந்தபின் தொழில் தொடங்கக் கடனுக்கு வழிகாட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கஷ்டங்களை இரண்டு பக்கம் எழுதத் தேவையில்லை. எண்ணிட்ட கோரிக்கைகள் இருந்தால்தான் படிப்பவர் எந்த இருக்கைக்கு அனுப்புவது என்று உடனே முடிவு செய்ய முடியும். யுடிஐடி அட்டை, ஆதார், கல்விச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் ஜெராக்ஸ்களை இணையுங்கள். திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டை வாங்காமல் வெளியே வரவே கூடாது.

ஆறாம் படி: படிப்பைத் தொடர்பவர்களுக்கு

6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்களும், சேர்க்கை வயதில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் குறைபாட்டுக்கு ஏற்ப வழங்கப்படுகின்றன. இவற்றைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் கேட்காமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாகக் கேட்க வேண்டும்.

பணத்துக்கு, தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஒரு திட்டமும், பதினொன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை இன்னொரு திட்டமும் உள்ளன. இரண்டுக்கும் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. நீங்கள் விண்ணப்பித்ததோடு வேலை முடிவதில்லை. பள்ளியோ கல்லூரியோ தங்கள் உள்நுழைவில் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே அலுவலகத்தில் உள்ளவரை நேரில் பார்த்து, ஒப்புதல் போய்விட்டதா என்று கேளுங்கள்.

ஏழாம் படி: சொந்தத் தொழில்

காலில் குறைபாடு உள்ளவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் போன்றவற்றை மாநில நலத்துறை வழங்குகிறது. உங்கள் வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள். கடைக்கு முதலீடு வேண்டுமென்றால், மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் அதில் சிறப்புப் பிரிவினர் என்பதால், சொந்தப் பங்காகத் திட்ட மதிப்பில் 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதமும் நகர்ப்புறத்தில் 25 சதவீதமும் கிடைக்கும். மூன்று லட்ச ரூபாயில் கிராமத்தில் கடை வைத்தால் உங்கள் பங்கு 15,000 ரூபாய், மானியம் 1,05,000 ரூபாய். அந்த மானியம் கையில் தரப்படுவதில்லை. வங்கியிலேயே மூன்றாண்டு இருப்பாக வைக்கப்பட்டுப் பின்னர்க் கடனில் கழிக்கப்படும். ஏற்கெனவே நடக்கும் கடைக்கு இது கிடைக்காது என்பதால், அவசரப்பட்டுக் கடையைத் திறந்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள்.

எட்டாம் படி: வேலைக்குச் செல்பவர்களுக்கு

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கல்வித் தகுதியோடு மாற்றுத்திறனாளி என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு உள்ளது. பதிவு செய்து ஓராண்டு முடிந்தும் வேலை கிடைக்காத மாற்றுத்திறனாளிகளுக்கு, பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தால் மாதம் 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய் எனப் பத்தாண்டு வரை உதவித்தொகை உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் வேலை தேடிச் செல்லும் செலவுக்காவது ஆகும்.

இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும்போது விபத்து நேர்ந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உள்ளது. இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பெற்றவர் பணியிடக் காயத்தால் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமடைந்து, 45 வயதுக்குள் இருந்தால், தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக் காலத்துக்கு அங்கிருந்தே உதவித்தொகை கேட்கலாம். இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. கிளை அலுவலகத்தில் நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

தனியார் நிறுவன நேர்காணலில், குறைபாட்டை மறைக்காமல், தேவையை அளவோடு சொல்லுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டிருக்க வேண்டும். அதை எழுத்தில் கேட்கலாம். தம்பி இன்று வேலை செய்யும் கடையில் அவன் கேட்டது இரண்டுதான்: செயற்கைக் காலை நீட்டி உட்கார வசதியான உயரத்தில் ஒரு ஸ்டூல், மோட்டாரை மேசைக்குத் தூக்க ஒரு செயின் பிளாக். சேர்வதற்கு முன்பே கேட்டதால், முதல் நாள் காலையில் இரண்டும் அங்கே இருந்தன.