ஒசாகாவில் இரவுச் சாப்பாடு: பயணிகள் தவறும் இடங்கள்

ஒசாகாவுக்கு 'குயிதாவோரே' ஊர் என்று ஒரு பெயர் உண்டு. சாப்பிட்டுச் சாப்பிட்டே சொத்தை அழிப்பது என்று அதற்குப் பொருள். அங்கே போகும் வெளியூர்க்காரர்கள் பணத்தையும் மனநிறைவையும் இழப்பது பெரும்பாலும் தட்டில் வந்த சாப்பாட்டால் இல்லை. பத்து நாற்காலி போட்ட கடையில் இடம் எத்தனை விலையுள்ளது என்பதும், குழம்புக்கு அடியில் என்ன கொதிக்கிறது என்பதும், கடைசி ரயில் எப்போது என்பதும் தெரியாமல் போவதால்தான். இவை எதுவும் ரகசியமில்லை. கடைச் சுவரிலும் மெனு அட்டையின் அடியிலும் ஜப்பானிய எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். போனில் இருக்கும் மொழிபெயர்ப்புக் கேமராவை உட்காருவதற்கு முன்பே அந்தப் பக்கம் காட்டுங்கள்.

நேரம்

எட்டரை, ஒன்பதுக்கு மேல் சாப்பிட்டுப் பழகியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். மதியம் திறக்கும் கடைகளில் பல, இரண்டு, இரண்டரை மணிக்கு மூடிவிட்டு மீண்டும் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். இரவு பத்து மணிக்கு மூடும் கடையில் ஒன்பது அல்லது ஒன்பதரைக்கே 'லாஸ்ட் ஆர்டர்' முடிந்துவிடும். கதவில் எழுதியிருப்பது மூடும் நேரம். சமையலறை நிற்கும் நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தால் நல்ல கடையிலும் இடம் கிடைக்கும். எட்டு மணிக்கு வரிசை, ஒன்பதுக்குக் கைவிரிப்பு. வெள்ளி, சனி என்றால் இதைவிட மோசம்.

குரோமோன் சந்தையை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. அது மீன், காய்கறி விற்கும் பகல் சந்தை. மாலை ஐந்து வாக்கில் பெரும்பாலான கடைகள் கதவை இறக்கிவிடும்.

ரயில் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டோக்கியோ போலவே ஒசாகாவிலும் இரவு முழுக்க ஓடும் மெட்ரோ கிடையாது. நகரின் முக்கிய மெட்ரோவான மிதோசுஜி தடத்தில் நள்ளிரவையொட்டிக் கடைசி ரயில் போய்விடும். அடுத்தது காலை ஐந்து மணியை ஒட்டித்தான். நடுவில் தடம் மாற வேண்டியிருந்தால், முதல் ரயிலைப் பிடித்தும் இரண்டாவது ரயில் இல்லாமல் பாதி வழியில் நிற்க நேரும். பயணச் செயலியில் 'கடைசி ரயில்' என்று தேடி, நீங்கள் ஏற வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே போனில் அலாரம் வையுங்கள். டாக்ஸிக்கு நள்ளிரவுக் கூடுதல் கட்டணம் 20 சதவீதம். நகரின் தெற்கே இருக்கும் நம்பாவிலிருந்து வடக்கே உமெதா வரை மிதோசுஜி சாலை நேராகப் போகிறது. சுமார் 4 கிலோமீட்டர், ஒரு மணி நேர நடை. வெளிச்சமான அகலமான சாலை என்பதால் ரயிலைத் தவறவிட்டவர்கள் பலர் அதில் நடந்தே போவார்கள்.

கேட்காமல் வரும் சின்னக் கிண்ணம்

குடித்தபடி சாப்பிடும் கடையான இஸகாயாவில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். வேகவைத்த கீரையோ ஊறவைத்த முள்ளங்கியோ இருக்கும். டோக்கியோவில் இதை 'ஒதோஷி' என்பார்கள், ஒசாகாவில் 'சுகிதாஷி'. இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, பில்லில் தலைக்கு 300 முதல் 500 யென் இருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை பிடிப்பது மிகப் பழைய தவறு. அது இடத்துக்கான வாடகை. வேண்டாமென்றால் உட்காரும்போதே கேளுங்கள், ஒரு வாய் எடுத்த பிறகு இல்லை. சில கடைகள் ஒத்துக்கொள்ளும், பல ஒத்துக்கொள்ளா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேர், மெனு விலைப்படி 4,200 யென்னுக்குச் சாப்பிட்டுக் குடித்தார்கள். சுகிதாஷி 400 வீதம் 800. ஆக 5,000. மெனுவில் வரி சேர்க்காத விலை பெரிதாக அச்சிட்டிருந்தால் அதன்மேல் 10 சதவீதம். கட்ட வேண்டியது 5,500 யென். ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை, ஆனால் நினைத்ததைவிட 1,300 கூடிவிட்டது. வரி சேர்ந்த விலை சிறிய எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். பார்சலுக்கு 8 சதவீதம், உட்கார்ந்து சாப்பிட 10 என்று வரியிலும் வித்தியாசம் உண்டு.

நான்கு பேர் போய் ஒரே ஒரு பீர் சொல்லிப் பகிர்ந்துகொள்வதும் அங்கே தவறு. ஆளுக்கு ஒரு பானம் சொல்வதுதான் வழக்கம். மது குடிக்காதவர்கள் 'ஊலோங் சா' என்ற தேநீர் கேட்கலாம், அதுவும் பானக் கணக்கில் சேரும். தண்ணீர் இலவசம், 'ஒமிசு' என்று கேட்டால் தருவார்கள். ஆனால் அதை மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் உட்கார முடியாது.

அளவில்லாமல் குடிக்கும் 'நொமிஹோதாய்' திட்டம் 90 அல்லது 120 நிமிடம். முடிவதற்கு அரை மணி முன்பே ஆர்டர் நின்றுவிடும். ஆக 90 நிமிடத் திட்டத்தில் நீங்கள் கேட்டு வாங்கக்கூடிய நேரம் ஒரு மணிதான். மேசையில் இருக்கும் எல்லோரும் அதே திட்டத்தை எடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒருவர் எடுத்து மற்றவருக்கு ஊற்றிக் கொடுத்தால் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள். காலி கிளாஸைக் கொடுத்தால்தான் அடுத்தது வரும். நிதானமாகக் குடிப்பவர்களுக்கு இது லாபமே இல்லை.

பணம் கொடுப்பது கல்லாவில். அங்கே வைத்திருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறையை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடி வந்து கொடுப்பார்கள். சின்னக் கடைகளில் இன்னும் ரொக்கம் மட்டும்தான் என்று பலகை தொங்கும். 10,000 யென்னாவது கையில் இருக்கட்டும். செவன்-இலெவன் கடை ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பில் பிரிக்கச் சொன்னால் சின்னக் கடைக்காரர் திணறிப்போவார். ஒருவர் கட்டிவிட்டு வெளியே வந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

'கறி' என்றால் எந்தக் கறி?

சைவர்களும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். இங்கே நடக்கும் தவறுகளைப் பில்லில் கழித்துவிட முடியாது.

ஜப்பானின் கிழக்கில் 'நிகு' என்றால் பொதுவாக இறைச்சி. ஒசாகாவை உள்ளடக்கிய கன்சாய் பகுதியில் அடைமொழி இல்லாமல் 'நிகு' என்றால் மாட்டிறைச்சி. அதனால்தான் டோக்கியோவில் 'நிகுமான்' என்று விற்கும் பன்றியிறைச்சிக் கொழுக்கட்டை ஒசாகாவில் 'புதாமான்' ஆகிறது, 'புதா' என்றால் பன்றி. உதோன் என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ்; 'நிகு உதோன்' கேட்டால் மாட்டிறைச்சி போட்டே வரும். குச்சியில் குத்திப் பொரிக்கும் குஷிகாட்சு வரிசையில் வெறும் 'குஷிகாட்சு' என்று இருப்பது மாட்டிறைச்சிக் குச்சி. ஷின்செகாய் பக்கம் புகழ்பெற்ற 'தோதேயாகி' மாட்டுத் தசைநாரை மிசோ என்ற புளித்த சோயா விழுதில் வேகவைத்தது. இன்னொன்று: குஷிகாட்சுக் கடைகள் சிலவற்றில் பொரிக்கும் எண்ணெயிலேயே மாட்டுக்கொழுப்பு உண்டு. வெங்காயம், தாமரைத்தண்டு என்று காய்கறிக் குச்சி மட்டும் சொன்னாலும் எல்லாம் ஒரே எண்ணெய்தான், மாவில் முட்டையும் இருக்கலாம்.

அடுத்தது தாஷி. ஜப்பானியச் சமையலின் அடித்தளச் சாறு இது. கொம்பு என்ற கடற்பாசியையும் 'காட்சுவோபுஷி'யையும் சேர்த்து எடுப்பது வழக்கம். காட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை போல உலர்த்தியது. இலங்கையிலும் நம் தென்கரையிலும் புழங்கும் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. வடக்கே ஹொக்கைதோவிலிருந்து கொம்பு ஏற்றிவந்த கப்பல்கள் சேர்ந்த துறை ஒசாகா. அதனால் அந்த ஊரில் இந்தச் சாற்றின் மேல் தனிப் பெருமை. மிசோ சூப், உதோன், வேகவைத்த காய்கறி, முட்டைச்சுருள், மாவில் முக்கிப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைக்கோஸ் கலந்து கல்லில் சுடும் ஒகோனோமியாகியின் மாவு என்று எல்லாவற்றிலும் அது இருக்கும்.

பயணிகள் மிக அதிகமாக ஏமாறுவது கிட்சுனே உதோனில். ஒசாகாவில் பிறந்த பண்டம். மேலே பொரித்து இனிப்பாக வேகவைத்த தோஃபு ஒன்று மிதக்கும், கண்ணுக்கு முழுச் சைவம். கீழே இருக்கும் சாற்றில் மீன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, 'இறைச்சி இல்லை' என்றுதான் சொன்னார். அவருக்குச் சாறு மீன் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே 'வெஜிடேரியன்' என்ற சொல்லை நம்பாதீர்கள். 'நிகு தோ சகானா கா தாபேராரேமாசென். தாஷி மோ தாமே தேசு' என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது, தாஷியும் கூடாது. இதையே ஜப்பானிய எழுத்தில் அட்டையாக அச்சிட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது. கூட்டமான கடையில் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது வேலை செய்யும். குளிர்ந்த தோஃபுவான 'ஹியயாக்கோ' கேட்டால் மேலே மீன் சீவல் தூவி வரும். 'காட்சுவோபுஷி நுகி தே' என்றால் அது இல்லாமல் தருவார்கள். உப்பில் வேகவைத்த பச்சை சோயாக் காய் 'எதமாமே', வெள்ளரி வைத்த 'காப்பாமாகி' சுஷி, வெறும் சோறு ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. வயிறு நிறையச் சைவம் வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் கடையை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பசியோடு தெருவில் நின்று தேடும் வேலை இல்லை இது.

கல்லும் குச்சியும்

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒசாகா பெரிய விருந்து, முறை தெரிந்தால் இன்னும் ருசி. குஷிகாட்சுக் கடையில் பொது சாஸ் பாத்திரம் இருந்தால் குச்சியை ஒரே முறைதான் முக்க வேண்டும், கடிப்பதற்கு முன். எச்சில் பட்டதை மறுபடி முக்கினால் பாத்திரம் முழுவதையும் கொட்ட வேண்டும். சாஸ் போதவில்லையென்றால் தட்டில் வைத்திருக்கும் முட்டைக்கோஸ் துண்டால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பின் நிறையக் கடைகள் பீய்ச்சும் பாட்டிலுக்கு மாறிவிட்டன.

ஒகோனோமியாகியை நீங்களே கல்லில் சுடும் கடையில் எல்லோரும் செய்யும் தவறு, திருப்பியால் மேலே அழுத்துவது. உள்ளே காற்றும் முட்டைக்கோஸ் ஈரமும் சேர்ந்துதான் அதை மெத்தென்று ஆக்குகின்றன. அழுத்தினால் அடைபோல் இறுகிவிடும். கல்லில் ஊற்றும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள். முன்பே கலந்து வைத்தால் முட்டைக்கோஸ் நீர் விட்டு மாவு தளர்ந்துபோகும். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகப் பரப்பி, ஐந்து நிமிடம் கை வைக்காமல் விட்டு, ஒரே ஒரு முறை திருப்பி, இன்னும் ஐந்து நிமிடம். தெரியவில்லையென்றால் கடைக்காரரையே சுடச் சொல்லலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் தகோயாகி உருண்டையை முழுசாக வாயில் போடாதீர்கள். வெளியே ஆறினாற்போல் இருந்தாலும் உள்ளே மாவு குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். குச்சியால் பிளந்து ஆவி போனபின் சாப்பிடுங்கள். கடை முன்னாலேயே நின்று முடித்து, காலித் தட்டை அங்கேயே கொடுங்கள். கூட்டம் மொய்க்கும் தோதோன்போரித் தெருவில் குப்பைத் தொட்டியைத் தேடி அலைவது பெரும்பாடு.

தெருவில் கூப்பிடுகிறவர்கள்

நம்பாவை ஒட்டிய மினாமி, உமெதாவை ஒட்டிய கிதா பகுதிகளில் தெருவில் நின்று ஆள் பிடிப்பதை ஒசாகா மாநகர விதி தடை செய்கிறது. தடையை மீறி உங்களை அழைக்கிறவர் அழைத்துப் போகும் கடை எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'ஒரு மணி நேரம் 3,000 யென்' என்பார். உள்ளே இருக்கைக் கட்டணம், சேவைக் கட்டணம் 20, 30 சதவீதம், எதிரே உட்காரும் பெண் குடிப்பதற்கான பணம், நேரம் தாண்டினால் தானாகக் கூடும் தொகை என்று ஒவ்வொன்றாக ஏறும். நல்ல பாரிலும் 500 முதல் 1,500 யென் வரை இருக்கைக் கட்டணம் உண்டு, அது முறையானது. வித்தியாசம் ஒன்றுதான்: நல்ல கடை அதை எழுதி வைத்திருக்கும், கேட்டால் உடனே சொல்லும். சிக்கிக்கொண்டால் அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள், பின் எண்ணை அழுத்தாதீர்கள். அங்கிருந்தே போலீஸ் எண்ணான 110-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்துக் காவல் சாவடியான 'கோபான்' போய்ப் பேசலாம் என்று சொல்லுங்கள். கிதாஷின்சி பக்கம் இருக்கும் உயர்தரக் கிளப்புகள் வேறு ரகம். தெரிந்தவர் அறிமுகம் இல்லாமல் கதவைத் தட்டுவது வீண்.

தென்மா பகுதியில் நின்றபடி குடிக்கும் 'தாச்சினோமி' கடைகள் இதற்கு நேர் எதிர். விலை குறைவு, பேச்சு அதிகம். ஆனால் இரண்டு பேருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டு கிளாஸ், இரண்டு தட்டு, அரை மணி நேரம், பிறகு இடத்தை விடுவதுதான் அங்கே மரியாதை.

நடனக் கிளப்புக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள், போனில் படம் போதாது. மது அருந்தும் வயது 20, வெளிநாட்டவருக்கும் அதேதான். 2025 ஜனவரி 27 முதல் ஒசாகா மாநகரம் முழுக்கத் தெருவில் புகைபிடிக்கத் தடை, அபராதம் 1,000 யென்.

கடைசி ரயில் போனபின் வாடகை சைக்கிள் கண்ணில் படும். குடித்திருந்தால் தொடாதீர்கள். 2024 நவம்பர் முதல் மதுவோடு சைக்கிள் ஓட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். அந்த நேரத்துக்கு டாக்ஸிதான், இல்லையென்றால் மிதோசுஜி நடை.