ஆட்டிசம்: முதலில் நேரம் போகிறது, அப்புறம் பணம்

இரண்டு வயதாகியும் பேசாத குழந்தை இருக்கும் வீட்டில் ஆறுதலுக்குப் பஞ்சமிருக்காது. "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்." "அவங்க மாமாவே அஞ்சு வயசுலதான் வாய் திறந்தார்." யாராவது வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்வார்கள். எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பை நம்பிக் காத்திருப்பதுதான் முதல் தவறு.

பேச்சு வருகிறதா என்று மட்டுமே பார்ப்பதும் தவறுதான். அதற்கு முன்பே கவனிக்க நிறைய இருக்கிறது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒன்றரை வயதில், வானத்தில் போகும் விமானத்தை விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைப் பார்க்கிறதா? பிஸ்கட் வேண்டுமென்றால் டப்பாவைக் காட்டாமல், நம் கையை இழுத்துப் போய் டப்பாவின் மேல் வைக்கிறதா? இதில் ஒன்று இயல்பாக இல்லை என்பதை மட்டும் வைத்து ஆட்டிசம், அதாவது மூளை வளர்ச்சியின் வித்தியாசத்தால் பிறரோடு பேசிப் பழகுவது கடினமாகும் நிலை, என்று முடிவுகட்ட முடியாது. மருத்துவரிடம் போக அது போதும். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிப்பார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் உண்டு. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

ஆட்டிசம் என்று உறுதியானதும் வீட்டில் குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கும். பெரும்பாலும் மாட்டுவது அம்மா. வேலைக்குப் போனாள், போனைக் கையில் கொடுத்தாள். நம் ஊர் மட்டும் இப்படி இல்லை. பாசம் காட்டாத தாய்தான் காரணம் என்று ஒரு காலத்தில் அமெரிக்க மருத்துவர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள பையனின் அப்பாவான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை மறுத்து எழுதினார். மரபணுக்களின் பங்குதான் பெரிது என்பது இன்று தெளிவு. போனைக் குறைப்பது நல்லதுதான். "ஆறு மாசம் போனை நிறுத்திப் பார்ப்போம்" என்று மருத்துவரைப் பார்க்காமல் இருந்தால், அதுவும் அதே காத்திருப்புதான். தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்று சந்தேகிக்க வைத்த 1998 கட்டுரையில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டோமே என்ற பதற்றத்தில் பணம் கரையத் தொடங்கும். "முழுசா குணப்படுத்துகிறோம்" என்ற விளம்பரம் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணில் படும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் (மூல உயிரணு) சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. ஆட்டிசம் காய்ச்சல் போல வந்து போவது அல்ல. ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி), ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), வீட்டில் தினமும் விளையாட்டோடு பழக்குவது எல்லாம் மெதுவான வேலை. வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கப் பட அட்டை கொடுத்துப் பழக்கினால் பிள்ளை பேசவே பேசாது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அட்டையால் பேச்சு நின்றுபோவதில்லை. தண்ணீர் வேண்டும் என்று தெரிவிக்க ஒரு வழி கிடைத்தால் அழுகைதான் குறையும்.

அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஓர் அடைமொழி வரும். எனக்கு அது பிடிக்காது. பல பிள்ளைகளுக்குப் புற உலகம் அளவுக்கு மீறித்தான் உறைக்கிறது: குக்கர் விசில், மிக்ஸி, கழுத்தில் உறுத்தும் சட்டை லேபிள், கல்யாண மண்டபத்து மேளம். தாங்க முடியாமல் தரையில் விழுந்து கத்தும்போது "ரெண்டு போட்டா அடங்கும்" என்று யாராவது சொல்வார்கள். மோசமான யோசனை. பிள்ளை அடம்பிடிக்கவில்லை, தவிக்கிறது. கூட்டம் கூடாமல், சத்தம் குறைந்த இடத்துக்குப் போக வழிவிடுங்கள். அதன் எதிரிலேயே "இதுக்கு ஒண்ணும் புரியாதா?" என்றும் கேட்காதீர்கள். பேசாத பிள்ளைக்கும் காது கேட்கும்.

அப்புறம் சான்றிதழ் விஷயம். பெயர் கெட்டுவிடும் என்று பலர் மாற்றுத்திறனாளி சான்றிதழே வாங்குவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. விண்ணப்பித்தால் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.