ஆபரேஷன் முடிந்த முட்டியில் ஸ்டீராய்டு ஊசி: எங்கே தவறு நடக்கிறது?

முட்டியில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் படியேறினால் வலிக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு ஒருமுறை ஊசி போட்டதும் ஒரே வாரத்தில் நன்றாக நடக்க முடிந்தது ஞாபகம் வருகிறது. 'அதையே இன்னொரு தடவை போட்டுவிடுங்களேன்' என்று மருத்துவரிடம் கேட்கத் தோன்றும். கேட்பதில் தவறில்லை. ஆனால் அப்போது ஊசி ஏற்ற முட்டி வேறு, கத்தி பட்ட இந்த முட்டி வேறு.

மூட்டுக்குள் போடப்படும் டிரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்றவை தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டுகள் அல்ல. இவை நம் அட்ரினல் சுரப்பியில் சுரக்கும் கார்ட்டிசாலின் உறவுக்காரர்கள். அழற்சியை அடக்குவதுதான் இவற்றின் வேலை. வீக்கமும் சூடும் வலியும் அழற்சியின் தொல்லைகள்தான். ஆனால் உடல் காயத்தை ஆற்றுவதும் கிருமியை எதிர்ப்பதும் அதே அழற்சியின் வழியாகத்தான். ஊசி போட்டால் வலி அடங்கும், கூடவே காவலும் கொஞ்சம் தளரும். ஆபரேஷன் ஆன முட்டியில் இது பெரிய விஷயம்.

எந்த ஆபரேஷன் என்று பார்க்காமல் எல்லா முட்டிக்கும் ஒரே கணக்குப் போடுவது முதல் தவறு. மூட்டு மாற்று சிகிச்சை செய்தவருக்கு உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். ஊசியோடு ஒரு கிருமி உள்ளே போய் அந்த உலோகத்தில் ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றி மெல்லிய படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக எட்டாது. பிறகு முட்டியை மறுபடி திறந்து கழுவ வேண்டியிருக்கும், சில சமயம் செயற்கை மூட்டையே கழற்ற வேண்டிவரும். இப்படி நடப்பது அரிதுதான், ஆனால் நடந்தால் விலை மிக அதிகம். செயற்கை மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட அறுவை மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான். முட்டிக்குச் சற்றுக் கீழே, உட்பக்கம், மூட்டுக்கு வெளியே இருக்கும் நீர்ப்பை வீங்கி வலிப்பது தனிக் கதை. அங்கே போடும் ஊசி மூட்டுக்குள் போவதில்லை. ஆனாலும் வலி அந்த இடத்தில்தானா என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நாமல்ல.

மெனிஸ்கஸை, அதாவது முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பை, தைத்தவர்களுக்கும் தசைநாரைப் புதிதாகப் பொருத்தியவர்களுக்கும் பிரச்சினை வேறு. அங்கே திசு ஒட்டி வளர வேண்டிய காலம் இது. அந்த நேரத்தில் ஸ்டீராய்டு கொடுப்பது, பூசிய சிமென்ட் காயுமுன் தண்ணீரைக் கொட்டுவது மாதிரி. சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆர்த்ராஸ்கோபிதானே என்றும் அலட்சியம் வேண்டாம். ஆபரேஷனை ஒட்டிய முதல் சில வாரங்களில் போட்ட ஊசிகளுக்குப் பின் கிருமித் தொற்று கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

இரண்டாவது தவறுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. ஏன் வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே வலியை அடக்கப் பார்ப்பது. செயற்கை மூட்டில் தொற்று என்றால் காய்ச்சலும் சீழுமாக ஆர்ப்பாட்டமாகத்தான் வரும் என்று நினைக்கிறோம். மாதக்கணக்கில் மெல்லிய வலியாக, விறைப்பாக மட்டும் இருக்கும் தொற்றும் உண்டு. அதன் மேல் ஸ்டீராய்டு போட்டால் சில வாரம் நன்றாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தால் இரத்தத்தில் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற, அழற்சியைக் காட்டும் அளவுகளைப் பார்ப்பார்கள். மூட்டு நீரை ஊசியால் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை எண்ணி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் இந்த இரத்த அளவுகள் இயல்பாகவே ஏறியிருக்கும் என்பதால், ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

தொற்று இல்லாவிட்டாலும் காரணங்கள் பல. செயற்கை மூட்டு தளர்ந்திருக்கலாம். தொடைத் தசை வலுவிழந்திருக்கலாம். இடுப்பு மூட்டின் வலியும் கீழ்முதுகு நரம்பின் வலியும் முட்டியில் தெரிவது மிகச் சாதாரணம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு மருந்தாகாது. எந்தக் குறையும் இல்லாமல், ஆறுவதற்கு நேரம் எடுப்பதாகவும் இருக்கலாம். மூட்டு மாற்றியபின் முழுதாகத் தேற ஒரு வருடம்கூட ஆகும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை!

மூன்றாவது, ஒரு மருத்துவரிடம் ஆபரேஷன், இன்னொருவரிடம் ஊசி, இருவருக்கும் மற்றவரைப் பற்றித் தெரியாது. இதில் பலரும் யோசிக்காத ஒரு கோணம் உண்டு. ஒரு காலில் ஆபரேஷன் ஆனதும் பாரமெல்லாம் மற்றக் காலுக்குப் போகும், அந்த முட்டி வலிக்க ஆரம்பிக்கும். 'இதில் ஆபரேஷன் இல்லையே' என்று அதில் ஊசி போட்டுக்கொள்வார்கள். ஆனால் அடுத்து மாற்ற வேண்டியது அந்த முட்டியாகவே இருந்தால்? ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று அபாயம் கூடுகிறது என்பதால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள். இரண்டாவது முட்டிக்குத் தேதி குறித்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

சொந்தக் குருத்தெலும்பு இன்னும் இருக்கிற முட்டியிலும் அடிக்கடி போடுவது நல்லதல்ல. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூட்டுத் தேய்மானம் உள்ள 140 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் டிரையாம்சினோலோன், மறுபாதிக்கு வெறும் உப்புநீர் என இரண்டு வருடம் போட்டார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலியிலோ இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை நோயாளிகள் 'மூட்டுக்குள்தானே போடுகிறார்கள்' என்று இருந்துவிடக் கூடாது. மருந்து இரத்தத்திலும் கலக்கும். சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரை, சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும், மாத்திரையையோ இன்சுலினையோ மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

இவ்வளவும் பார்த்து, மருத்துவரே ஊசி போடலாம் என்று முடிவுசெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட அரை மணியில் வலி பறந்தால் ஏமாற வேண்டாம். அது கூடச் சேர்க்கும் மரத்துப்போகும் மருந்தின் வேலை, சில மணி நேரத்தில் போய்விடும். ஸ்டீராய்டு வேலைசெய்யச் சில நாளாகும். வலி குறைந்த உற்சாகத்தில் அன்றே நெடுந்தூரம் நடப்பதும், வலிதான் போய்விட்டதே என்று பிசியோதெரபியை நிறுத்துவதும் ஒரே தவறின் இரண்டு முகம். ஊசி வாங்கித் தருவது சில வார அவகாசம்தான், அதில் தொடைத் தசையைத் தேற்றாவிட்டால் பழைய வலி பழைய இடத்துக்கே வரும்.

முதல் ஓரிரு நாளில் வலி சற்றுக் கூடி, பிறகு தானாக அடங்குவது சிலருக்கு நடப்பதுதான், ஐஸ் ஒத்தடம் போதும். நாள் போகப் போக வலி ஏறினால், முட்டி சிவந்து சூடாகி வீங்கினால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால், அன்றே ஆபரேஷன் செய்த குழுவிடம் போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை வழியில் விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். மூட்டு நீரை எடுப்பதற்கு முன் அதைச் சாப்பிட்டிருந்தால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும்.